கார்பன் நானோதுகள் அயனியும் வாயுவும்: எந்த மெஷின்ல அளக்கறது?

"அக்கா, கார்பன் நானோதுகள் அயனி ஆக்ஸிஜனோட என்ன வேகத்துல ரியாக்ட் ஆகுதுன்னு அளக்கணும், எந்த மெஷின் பெஸ்ட்டு?" லேப்ல ஜூனியர் ஒருத்தி இப்படிக் கேட்டா. டீ ஆறறதுக்குள்ள பதில் சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன், ரெண்டு மணி நேரம் போச்சு, டீ ஆறி ஏடு கட்டிருச்சு. அன்னைக்கு அவகிட்ட சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்க எழுதறேன், ஏன்னா இதே கேள்வியோட இன்னும் சில பேர் சுத்திட்டு இருக்கீங்கன்னு தெரியும்.

முதல்ல நான் அவகிட்ட திருப்பிக் கேட்டது, "உன் துகள்ல எத்தனை அணு?" அவ முழிச்சா. ஆனா மொத்த முடிவும் அதுலதான் இருக்கு. ஃபுல்லரீன் சி60-ன்னா 60 அணு, 720 டால்டன் (டால்டன்னா அணு எடைக்கான அலகு), அவ்ளோதான். 50 நானோமீட்டர் கிராஃபைட் உருண்டைய எடுத்துக்கோங்க, அடர்த்தி 2.2-ன்னு வச்சுப் பெருக்கினா ஏறக்குறைய 87 மெகாடால்டன், அணு கணக்குல 72 லட்சம் வரும். ரெண்டையும் "கார்பன் நானோதுகள் அயனி"ன்னு ஒரே பேர்ல கூப்பிடறாங்க, அங்கதான் குழப்பமே ஆரம்பிக்குது.

சி60-ல ஒரு எலக்ட்ரானப் புடுங்கினா அது வேற ஆளு. கனடாவுல டொரண்டோ யார்க் பல்கலையில போமே குழு 1990-கள்ல ஒத்தை சார்ஜ், ரெட்டை சார்ஜ், மூணு சார்ஜ் சி60-ய வரிசையா எத்தனையோ வாயுவோட மோத விட்டுப் பாத்தாங்க. ஒத்தை சார்ஜ் சி60 பல சின்ன வாயுக்களோட கல்லு மாதிரி சும்மா இருக்கும், சார்ஜ் ஏற ஏற வாயுவ ஒட்ட வச்சுக்கும், இல்ல வாயுகிட்டருந்தே எலக்ட்ரானப் புடுங்கிக்கும். அங்க சார்ஜுதான் கதாநாயகன். 72 லட்சம் அணு உள்ள துகள்ல 50 சார்ஜ் இருந்தா 1,44,000 அணுவுக்கு ஒண்ணு, அது ஆக்ஸிஜன் எரிக்கற விஷயத்துல பெருசா ஒண்ணும் பண்ணப்போறதில்ல. அங்க சார்ஜ்ங்கறது துகளப் புடிச்சுத் தூக்கறதுக்கு ஒரு கைப்பிடி, சொம்புக்குக் காது வச்ச மாதிரி.

கதாநாயகனா கைப்பிடியா, இதை முடிவு பண்ணிட்டுத்தான் மெஷின் பக்கம் போகணும். நான் பாத்த வரைக்கும் நிறைய பேர் லேப்ல எது சும்மா கிடக்குதோ அதுல ஆரம்பிச்சு அப்புறமா கேள்விய அதுக்குத் தகுந்த மாதிரி வளைப்பாங்க (நானும் பண்ணிருக்கேன், மறைக்கறதுக்கு என்ன இருக்கு).

சார்ஜ் கதாநாயகன்னா முதல்ல பாக்க வேண்டியது ஃப்ளோ டியூப், அதாவது ஹீலியம் ஓடற குழாய்க்குள்ள அயனிய வாயுவோட ரியாக்ட் ஆக விடற மெஷின். 1960-கள் ஆரம்பத்துல அமெரிக்காவுல போல்டர்ல ஃபெர்குசன், ஃபெசன்ஃபெல்ட், ஷ்மெல்டெகாஃப் மூணு பேரும் ஆரம்பிச்சு வச்சது. அதுல அயனி உருவாகறதும் ரியாக்ட் ஆகறதும் ஒரே குழாய்க்குள்ள, எதுலருந்து எது வந்துச்சுன்னு பிரிக்கறது தலைவலி. 1976-ல பர்மிங்ஹாம்ல ஆடம்ஸும் ஸ்மித்தும் அயனிய வெளியில தனியா செஞ்சு, குவாட்ரபோல்ங்கற எடை வடிகட்டில தேவையானத மட்டும் பொறுக்கி, குழாய்க்குள்ள ஊதிவிட்டாங்க. செலக்டட் அயன் ஃப்ளோ டியூப், சுருக்கமா சிஃப்ட். யார்க் ஆளுங்க சி60-க்கு யூஸ் பண்ணதும் இதுதான், 294 கெல்வின், 0.35 டார் (டார்னா பிரஷர் அலகு) ஹீலியம்.

வேலை செய்யற விதம் ரொம்ப சிம்பிள். குழாய் நீளமும் ஹீலியம் ஓடற வேகமும் தெரியும்ங்கறதால வாயுவோட அயனி எத்தனை மில்லிவிநாடி இருந்துச்சுன்னு தெரியும், வாயுவக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிட்டே போனா அயனி சிக்னல் குறையும், சிக்னலோட லாக் எடுத்து வாயு அளவுக்கு எதிரா போட்டா நேர்கோடு, சாய்வுலருந்து ரேட் கான்ஸ்டன்ட், அதான் ரியாக்ஷன் எவ்ளோ வேகம்ங்கற எண், வந்துரும். ஹீலியத்தோட லட்சக்கணக்குல மோதறதால அயனியோட சூடெல்லாம் இறங்கி ரூம் டெம்பரேச்சருக்கு வந்துரும், அதனால "எந்த டெம்பரேச்சர்ல அளந்தீங்க"ன்னு ரிவ்யூவர் கேட்டா தெம்பா பதில் சொல்லலாம். அது பெரிய விஷயம், மத்த மெஷின் வச்சிருக்கறவங்களக் கேட்டுப் பாருங்க.

ஆனா ஹீலியம் சுத்தமா இருக்கணும். எவ்ளோ சுத்தம்னு ஒரு சின்ன கணக்கு. கனமான அயனியும் ஆக்ஸிஜனும் மோதற உச்சபட்ச வேகம், அயனி வாயுவ இழுக்கற இழுப்ப வச்சுப் போடற லாஞ்சவான் கணக்குப்படி, ஏறக்குறைய 5 × 10⁻¹⁰ கன செ.மீ./விநாடி. 5 மில்லிவிநாடில சிக்னல் மூணுல ஒரு பங்குக்கு இறங்க ஒரு கன செ.மீ.க்கு 4 × 10¹¹ மூலக்கூறு போதும், அதாவது ஹீலியத்துல 10 லட்சத்துக்கு 35 பங்கு. நாம கடையில வாங்கற "ஃபைவ் நைன்ஸ்" 99.999 ஹீலியத்துலயே 10 லட்சத்துக்கு 10 பங்கு வரைக்கும் அழுக்கு இருக்கலாம். அந்த அழுக்கு சுறுசுறுப்பா ரியாக்ட் ஆகற ஜாதியா இருந்தா நீங்க வாயுவத் திறக்கறதுக்கு முன்னாடியே கால்வாசி அயனி காலி. அதான் லிக்விட் நைட்ரஜன்ல குளிர வச்ச, அழுக்கப் புடிச்சு வச்சுக்கற மாலிகுலர் சல்லடை வழியா ஹீலியத்த அனுப்பறது.

இது எனக்கு பட்டுத் தெரிஞ்சது. முன்ன ஒரு லேப்ல இருந்தப்போ ஆக்ஸிஜன் வால்வு மூடி இருக்கறப்பவே அயனி பீக்குக்கு 18 தள்ளி ஒரு குட்டி பீக் முளைச்சு நிக்கும். 18-ன்னா தண்ணி. ரெண்டு வாரம் பம்ப்ப மாத்தி, குழாய சூடு பண்ணி, கைட் திட்டி, கடைசில பாத்தா சல்லடை டப்பாவோட ஓ-ரிங்ல முடி அளவு வெடிப்பு. பதினஞ்சு ரூபா ரப்பர்.

ஃப்ளோ டியூப்போட எல்லை எங்கன்னா, எடை. குவாட்ரபோல் சில ஆயிரம் டால்டன் வரைக்கும் ஒழுங்கா பிரிக்கும், மெகாடால்டன்லாம் அதுக்கு கண்ணுக்கே தெரியாது. அதே மாதிரி ரொம்ப மெதுவான ரியாக்ஷன்னா மில்லிவிநாடி பத்தாது, அயனி மறுமுனைக்கு வந்துரும், ஒண்ணும் நடந்திருக்காது.

நேரம் வேணும்னா அயனிய ஒரே இடத்துல புடிச்சு வைக்கற ட்ராப்புக்குப் போங்க. பெரிய காந்தத்துக்குள்ள அயனிய சுத்த விட்டு அதோட சுத்து வேகத்த வச்சு எடை பாக்கற அயன் சைக்ளோட்ரான் ரெசனன்ஸ், சுருக்கமா ஐசிஆர், 1974-ல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலையில கொமிசரோவும் மார்ஷலும் எல்லா சுத்து வேகத்தயும் ஒரே நேரத்துல பிரிச்சுப் பாக்கற ஃபூரியர் முறையச் சேத்ததுக்கு அப்புறம் பிரமாதமா ஆயிருச்சு. 10⁻⁸ டார் பிரஷர்ல வாயு விட்டா, முன்ன சொன்ன அதே உச்சபட்ச ரியாக்ஷனுக்கே ஆறு விநாடி ஆகும். அயனிய நிமிஷக்கணக்குல வச்சிருக்கலாம், அதனால மெதுவானதும் மாட்டும். எடைய எவ்ளோ துல்லியமா சொல்லும்னா எது ஒட்டுச்சு எது போச்சுன்னு சண்டையே வராது.

கஷ்டம் என்னன்னா அந்த பிரஷர எத வச்சு அளக்கறீங்கங்கறது. அயன் கேஜ்ங்கற பிரஷர் மானி ஒவ்வொரு வாயுவுக்கும் ஒவ்வொரு மாதிரி காட்டும், கேஜ் ஒரு மூலையில ட்ராப் ஒரு மூலையில, காந்தம் வேற நடுவுல, கடைசில ரேட் கான்ஸ்டன்ட்ல இருக்கற பிழைல பெரும்பங்கு இந்த பிரஷர்லருந்தே வரும். ரெண்டாவது, மோதி சூட்டத் தணிக்க ஹீலியம் கிடையாது, அதனால வாயு வந்து ஒட்டினாலும் ஒட்டினப்போ வந்த சூட்டக் கொட்ட வழியில்லாம திரும்பப் பிரிஞ்சு போயிரும். ஃப்ளோ டியூப்ல "ஒட்டுது"ன்னு வர்ற ரியாக்ஷன் ஐசிஆர்ல "ஒண்ணும் நடக்கல"ன்னு வந்தா ரெண்டுல ஒருத்தர் பொய்னு அர்த்தம் இல்ல, பிரஷர் வேற.

ஐசிஆர்லருந்து கிடைச்ச ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் புடிக்கும், பின்னாடி நமக்கு வேணும், அதனால சொல்லிடறேன். 1980-களோட பின்பாதியில வாஷிங்டன் நேவல் ரிசர்ச் லேப்ல மெக்எல்வானி ஆளுங்க சின்ன கார்பன் கூட்டங்கள வாயுவோட விட்டுப் பாத்தப்போ, ஏழு அணு கார்பன் அயனிக்கு லாக் கிராஃப் நேர்கோடா வரல. முதல்ல செங்குத்தா இறங்கி அப்புறம் முட்டிக்கால் மடங்கின மாதிரி வளைஞ்சு கிட்டத்தட்ட படுத்துருச்சு. எடை ஒண்ணு, ஆளு ரெண்டு, இப்படி ஒரே அணுக்கள் வேற வேற வடிவத்துல இருந்தா ஐசோமர்னு பேர். நீளக் குச்சியா இருக்கறது வேகமா ரியாக்ட் ஆகி காலியாகும், வளையமா இருக்கறது சும்மா மிச்சம் நிக்கும். அப்புறம் 1990-கள் ஆரம்பத்துல சாண்டா பார்பராவுல பவர்ஸ் குழு அயன் மொபிலிட்டில, அதாவது வாயுக்குள்ள அயனி நகர்ற வேகத்த வச்சு, குச்சி தனி வளையம் தனின்னு பிரிச்சே காட்டிட்டாங்க. கிராஃப் வளைஞ்சா மெஷின் ரிப்பேர்னு தூக்கிப் போடாதீங்க, உள்ள ரெண்டு பேர் இருக்கலாம்.

குளிர் வேணும்னா 22 கம்பிக்கு நடுவுல அயனிய அடைச்சு வைக்கற 22-போல் ட்ராப் இருக்கு, கெர்லிஷ் கொண்டு வந்தது, சில கெல்வின் வரைக்கும் இறக்கலாம். விண்வெளி கேள்வின்னா வேற எதையும் யோசிக்கவே வேணாம். 1994-ல ஃபோயிங்கும் எரன்ஃப்ரோய்ண்டும் நட்சத்திர ஒளில பாத்த 9632, 9577 ஆங்ஸ்ட்ராம் கோடுகள் சி60 அயனியோடதுதான்னு 2015-ல பாசல்ல மேயர் குழு, கெர்லிஷும் கூட இருந்தாரு, 6 கெல்வின் பக்கத்துல ஹீலியம் அணுவ அயனி மேல ஒட்ட வச்சு நிரூபிச்சாங்க. அது ஸ்பெக்ட்ரம் வேலைதான், ரேட் இல்ல, ஆனா ஹீலியம் கூட போய் ஒட்டற அளவுக்குக் குளிர வைக்க முடியும்னா பாத்துக்கோங்க. எரியற கார்பனுக்கு இது வேணாம், அடுத்ததுக்குப் போவோம்.

இப்போ அந்தப்பக்கம், சார்ஜ் கைப்பிடியா இருக்கற உலகம். நம்ம ஜூனியர் கேட்டது இதுதான், அவளுக்கு வேணும்னது புகைக்கரி ஜாதி.

இங்க ரெண்டு வழி. ஒண்ணு கூட்டமா அளக்கறது, இன்னொண்ணு ஒத்தை ஆளப் புடிச்சு உக்கார வச்சு விசாரிக்கறது.

ஒத்தை ஆள் முறைய முதல்ல சொல்றேன், ஏன்னா அது மேல எனக்கு ஒரு காதல். பால் ட்ராப்ல, அதான் வோல்ஃப்காங் பாலுக்கு 1989-ல நோபல் வாங்கிக் குடுத்த ட்ராப், ஒரே ஒரு துகள மட்டும் மிதக்க விடணும். கெம்னிட்ஸ்ல கெர்லிஷ், ஷ்லெம்மர் குழு 2001-ல 500 நானோமீட்டர் சிலிக்கா உருண்டைய இப்படிப் புடிச்சு எடை போட்டுக் காட்டினாங்க. யூட்டா பல்கலையில ஸ்காட் ஆண்டர்சன் குழு அதையே கார்பன் பக்கம் கொண்டு வந்து, கிராஃபைட், கிராஃபீன், கார்பன் பிளாக்னு ஒவ்வொரு துகளா லேசர்ல சூடேத்தி 1200 கெல்வினுக்கு மேல ஆக்ஸிஜன் விட்டு எடை குறையறத நேரா பாத்தாங்க.

எடை போடற விதம்தான் அழகு. துகள் ட்ராப்ல ஊஞ்சல் மாதிரி ஆடும், அந்த ஆட்ட வேகம் சார்ஜ எடையால வகுத்ததுக்கு ஏத்த மாதிரி. சார்ஜும் தெரியாது எடையும் தெரியாது, ஒரு எண்ண வச்சு ரெண்ட எப்படிக் கண்டுபுடிக்கறது? புற ஊதா விளக்க ஒரு நொடி காட்டுவாங்க, ஒரே ஒரு எலக்ட்ரான் பறக்கும், ஸ்க்ரீன்ல ஆட்ட வேகம் படிக்கட்டு மாதிரி டக்குனு ஒரு படி ஏறும். உதாரணத்துக்கு 10.00 கிலோஹெர்ட்ஸ்ல இருந்தது 10.20-க்குத் தாவுச்சுன்னா, ஒரு சார்ஜுக்கு 0.20, அப்போ முன்ன இருந்தது 50 சார்ஜ். எலக்ட்ரான்ல அரை கால்னு கிடையாதுங்கறதால இந்த 50 முழு எண், துல்லியமா 50. சார்ஜ் வந்துருச்சுன்னா எடை தானா வந்துரும்.

சரி, எடை குறையறது கண்ணுக்குத் தெரியற வேகத்துல இருக்குமா? 50 நானோமீட்டர் துகள், 10⁻⁴ டார் ஆக்ஸிஜன், விநாடிக்கு 28 லட்சம் மோதல் வரும். 10,000 மோதல்ல ஒண்ணுதான் ரியாக்ட் ஆகுதுன்னு வச்சுக்கிட்டா 280, ஒவ்வொண்ணும் ரெண்டு கார்பன கார்பன் மோனாக்ஸைடா தூக்கிட்டுப் போனா விநாடிக்கு 6.7 கிலோடால்டன். 87 மெகாடால்டன்ல ஒரு சதவீதம் கரைய ரெண்டு நிமிஷம் சொச்சம். நிதானமா அளக்கலாம், தூங்கிடவும் மாட்டீங்க.

ஆண்டர்சன் குழு பாத்ததுல முக்கியமானது, ஒரே டப்பாலருந்து எடுத்த துகள்களே ஒண்ணுக்கொண்ணு வேகம் ஒத்துப் போகல. அதோட ஒரே துகளே நேரம் போகப் போக மாறுது, முதல்ல ஓரங்கள், உடைசல்கள் எல்லாம் மளமளன்னு எரியும், அப்புறம் பிடிவாதமான மேற்பரப்பு மட்டும் மிஞ்சி மந்தமாயிரும். ஏழு அணு கார்பன் கிராஃப் வளைஞ்சது ஞாபகம் இருக்கா? அங்க ரெண்டு பேர், இங்க ஆளாளுக்கு ஒரு ஐசோமர்! ஆயிரம் துகள் சேத்து ஒரு கிராஃப் போட்டா அது நீளமா வளைஞ்சு இழுத்துக்கிட்டே போகும், அதுலருந்து யார் யாரு என்ன வேகம்னு திரும்பப் பிரிச்சு எடுக்கவே முடியாது.

இவ்ளோ புகழ்ந்தாச்சு, இப்போ குறையும் கேளுங்க. டெம்பரேச்சர். மிதக்கற துகள்ல தெர்மோகப்பிள்ங்கற சூடு அளக்கற கம்பியக் குத்த முடியாது, அது ஒளிர்ற வெளிச்சத்தோட ஸ்பெக்ட்ரத்தப் பாத்துத்தான் சொல்லணும், ஒளியோட அலைநீளத்தவிடக் குட்டியா இருக்கற துகள் எந்த அலைநீளத்துல எவ்ளோ ஒளிரும்ங்கறது துகளுக்குத் துகள் மாறும். ஆக்டிவேஷன் எனர்ஜி, அதாவது ரியாக்ஷன் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, மோலுக்கு 164 கிலோஜூல்னு வச்சுக்குவோம் (எங்கருந்து வந்த எண்ணுன்னு கீழ சொல்றேன்), 1500 கெல்வின் பக்கத்துல இருக்கோம், டெம்பரேச்சர்ல வெறும் 5 சதவீதம் தப்பினா ரேட் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தப்பும். அதே சமயம் வெளிச்சமே வராத கம்மி டெம்பரேச்சர்ல தெர்மாமீட்டரே கிடையாது, ரொம்ப சூடேத்தினா துகள் தானாவே ஆவியாகும், அதைத் தனியா அளந்து கழிக்கணும். இன்னொண்ணு மறந்துராதீங்க, துகள்தான் 1500 கெல்வின், சுத்தி இருக்கற வாயு ரூம் டெம்பரேச்சர்தான், அடுப்புல எரியறதோட நேரா ஒப்பிட முடியாது. ஒரு துகளுக்கு மணிக்கணக்கு ஆகும், நடுவுல கரண்ட் ஒரு துடிப்பு துடிச்சா துகள் போயிரும், போனது போனதுதான், அதே துகள் திரும்ப வராது.

கூட்டமா அளக்கறதுன்னா டேண்டம் டிஎம்ஏ, அதாவது டிஃபரென்ஷியல் மொபிலிட்டி அனலைசர் ரெண்டு அடுத்தடுத்து. வாயு மண்டலப் பிரஷர்லயே வேலை. புகையோட துகளுக்கு சார்ஜ் ஏத்தி, மின்புலத்துல எவ்ளோ சுலபமா நகருதுன்னு பாத்து ஒரே சைஸ மட்டும் பொறுக்கி, ஃபர்னஸ் வழியா காத்தோட அனுப்பி, வெளிய வந்ததும் ரெண்டாவது டிஎம்ஏல எவ்ளோ இளைச்சுருக்குன்னு பாக்கணும். 2002-ல மின்னசோட்டாவுல கிட்டல்சன், ஸகரையா எல்லாம் சேந்து 800-லருந்து 1120 டிகிரி செல்சியஸ் வரைக்கும் எத்திலீன் சுடர்க் கரிய இப்படி அளந்தாங்க, அந்த 164 கிலோஜூல் அங்கருந்து எடுத்ததுதான். டீசல் கரி, வடிகட்டி, அடுப்புன்னு வேலை செய்யறவங்களுக்கு இந்த எண்தான் நேரா பயன்படும், ஏன்னா வாயுவும் துகளும் ஒண்ணா சூடா இருக்கு.

இதுல ஏமாத்தற இடம் ரெண்டு. ஒரு சார்ஜ் உள்ள சின்ன துகளும் ரெண்டு சார்ஜ் உள்ள பெரிய துகளும் ஒரே மாதிரி நகரும், ரெண்டும் கை கோத்துட்டு உள்ள வந்துரும். அப்புறம் அது அளக்கறது எடைய இல்ல, நகர்ற சைஸ். கரிங்கறது உருண்டை கிடையாது, திராட்சைக் கொத்து மாதிரி, உள்ளுக்குள்ள எரிஞ்சு ஓட்டையாயிருந்தாலும் வெளி சைஸ் அப்படியே இருக்கும், மெஷின் "ஒண்ணும் எரியல"ன்னு சொல்லும்.

தெர்மோகிராவிமெட்ரியும் சொல்லலாமான்னு அவ கேட்டா. மில்லிகிராம் கணக்குல தூளக் கொட்டி தராசுல சூடேத்தறது, எல்லா காலேஜ்லயும் இருக்கு. குவியலுக்குள்ள ஆக்ஸிஜன் நுழையற வேகத்தத்தான் பாதி நேரம் அளந்துட்டு இருப்பீங்க. ரெண்டு சாம்பிள்ல எது முதல்ல எரியும்னு பாக்க நல்லது, அதுக்கு மேல இழுக்காதீங்க.

அப்போ முடிவு? சி60, சி70, இல்ல ஃபார்முலா தெரிஞ்ச சின்ன கார்பன் கூட்டம்னா கண்ண மூடிட்டு ஃப்ளோ டியூப், பழசா இருந்தாலும் பரவால்ல, பழைய மெஷின்ல நல்லா பழகின ஆள் கூட இருந்தா இன்னும் நல்லது. ரியாக்ஷன் அதுல தெரியாத அளவுக்கு மெதுவா இருந்தா மட்டும் ஐசிஆர், கூடவே ரேட் தெரிஞ்ச ஒரு ரியாக்ஷன வச்சு பிரஷர் கேஜ முதல்ல சரி பாத்துக்கணும். நிஜமான நானோதுகள், "ஏன் ஒண்ணு எரியுது ஒண்ணு எரியல"ங்கறது கேள்வின்னா ஒத்தைத் துகள் ட்ராப், வேற எதுவும் அதுக்குப் பதில் சொல்லாது, ஆனா மெஷினக் கட்டறதுலயே பிஹெச்டியோட பாதி போயிரும்ங்கறத தெரிஞ்சுக்கிட்டு இறங்கணும். சராசரி போதும், அடுப்புக்கோ இன்ஜினுக்கோ எண் வேணும்னா டேண்டம் டிஎம்ஏ.

ஜூனியருக்கு மிச்சம் இருக்கறது இரண்டரை வருஷம், கையில இருக்கறது சுடர்க் கரி, கைட் கேக்கறது ஆக்டிவேஷன் எனர்ஜி. நான் ஆசைப்பட்டதுக்காக அவள ட்ராப் கட்டச் சொல்ல மனசு வரல. டிஎம்ஏ போ, ஆனா ரெண்டாவது டிஎம்ஏக்கு பின்னாடி எடை பாக்கற கருவி ஒண்ண எங்கயாவது கடன் வாங்கிச் சேத்துக்கோன்னு சொன்னேன், ஓட்டையாகி எரியற கதை அப்போதான் வெளிய வரும். 1200 கெல்வினுக்கு மேல எடுக்கற பாயிண்ட்கள ட்ராப்ல வந்த எண்களோட பக்கத்துல வச்சுப் பாக்கலாம், வாயு சூடு வித்தியாசத்த ஞாபகம் வச்சுக்கிட்டு.

நேத்து மெசேஜ் பண்ணிருந்தா, "ஃபர்னஸ் செட் பாயிண்ட் 900, உள்ள தெர்மோகப்பிள் விட்டா நடுவுல 900, ரெண்டு ஓரத்துலயும் 700 கூட வரல, அக்கா இப்ப எந்த டெம்பரேச்சர எழுதறது?"ன்னு. குழாய் முழுக்க ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு தடவை அளந்து அனுப்புன்னு சொல்லிருக்கேன்.